அம்மாள் பொறுத்திருந்த வெள்ளிக்கிழமை

அம்மன் அடியார்களே, நான் பெரிய பக்தை என்று உங்களில் பலர் நினைத்திருந்தீர்கள். அது பொய்.

2008ஆம் ஆண்டு. என் கணவர் முதுகு நோவோடு, இந்த நாட்டின் வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் பார்த்த மீன் தொழிற்சாலை வேலையை விட்டு வந்து வீட்டோடு இருந்தார். நான் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போனேன். இந்த நகரத்தின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தோம். அந்த வருடம் தமிழ்க் கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அரிசி விலை ஏறியிருந்தது. பருப்பும் எண்ணெயும் பாலும் கூடவே ஏறின. சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முதலில் மீனை நிறுத்தினோம். பிறகு பழங்களை நிறுத்தினோம். அதற்குப் பிறகு நிறுத்த என் சாப்பாட்டைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விரதம் எனக்கு வழக்கம். செவ்வாயையும் சேர்த்தேன். பிறகு சனி. பிறகு சதுர்த்தி, சஷ்டி என்று பஞ்சாங்கத்தில் தேடித் தேடிப் பிடித்தேன். "இண்டைக்கு எனக்கு விரதம், நீங்கள் சாப்பிடுங்கோ" என்றால் வீட்டில் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். கணவர் அதை ஊரெல்லாம் பெருமையாக வேறு சொன்னார். எனக்கு வெட்கம்கூட வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரக்கட்டை மாதிரி நடமாடினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அம்மாள் முன்னால் நின்றேன். அரிசி கேட்கவில்லை. பணமும் கேட்கவில்லை.

"அம்மாளாச்சி, உன்ரை பேரைச் சொல்லிப் பொய் சொல்லுறன். எனக்கு நிப்பாட்டத் தெரியேல்லை. நீயே நிப்பாட்டு."

அவ்வளவுதான். பிறகு காய் வெட்டிக் கொடுக்க மடைப்பள்ளிக்குப் போனேன். அங்கே சமையலுக்குப் பொறுப்பு மலர் அக்கா. அவர் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். புக்கை, அதுதான் சர்க்கரைப் பொங்கல், வெந்து இறக்கி வைத்திருந்தது. அம்மாளுக்குப் படைக்க முன்னம் நாங்கள் ருசிகூடப் பார்ப்பதில்லை. என் கை போய்விட்டது. சுடச் சுட அள்ளி வாயில் வைத்தேன். திரும்பினால் வாசலில் மலர் அக்கா நிற்கிறார்.

கத்தப்போகிறார் என்று நின்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

"எத்தினை நாளாப் பிள்ளை இப்பிடி?"

"ரெண்டு மாசம் இருக்கும், அக்கா."

ஒரு கோப்பையை எடுத்துப் புக்கையை நிறையப் போட்டார்.

"இருந்து சாப்பிடு. அம்மாளுக்கு வேறை உலை வைப்பம். அவ கொஞ்சம் பொறுப்பா."

அன்று பூசை பிந்தியது. ஏன் என்று பலர் கேட்டீர்கள். என்னால்தான். இன்றுதான் சொல்கிறேன். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அம்மாள் சாப்பிடாமல் இருந்தாள். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை, இனிப்பு மட்டும் தெரிந்தது. வீட்டில் கணவரிடம் உண்மையைச் சொன்னபோதுதான் அழுதேன். அவர் எனக்குச் சோறு போட்டுத் தந்தார்.

மலர் அக்கா அதோடு விடவில்லை. பக்கத்துப் புருசெத்தில் இருந்த நாலு தமிழ்க் குடும்பங்களை எங்களோடு சேர்த்துவிட்டார். அரிசி, பருப்பை மொத்தக் கடையில் மூட்டையாக எடுத்துப் பிரித்துக்கொண்டோம். விலை இறங்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் பட்டினி கிடக்கவில்லை. இப்போது வெள்ளி மட்டுந்தான் விரதம். அது உண்மையான விரதம்.

அம்மாளிடம் பொருள் கேட்கக் கூச்சமாக இருந்தால், நீங்கள் உண்மையைச் சொல்வதற்கு ஓர் ஆளைத் தரச் சொல்லிக் கேளுங்கள். தருவாள். வெள்ளிக்கிழமைகளில் நான் மடைப்பள்ளியில்தான் நிற்பேன். வாருங்கள். விரதமா என்று கேட்கமாட்டேன். சாப்பிட்டீர்களா என்றுதான் கேட்பேன்.