கேட்டு வடை

மலேசியாவின் சுங்கைப் பட்டாணிக்கு வெளியே, ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடத்தில் என் அக்கா வடை சுட்டு விற்றாள். கடை என்றால் ஒரு மேசை, ஒரு பெரிய குடை, ஒரு கேஸ் அடுப்பு. ரயில் வருமுன் மணி அடிக்கும், ரயில்வே கேட்டு இறங்கும். மணிச் சத்தம் கேட்டதும் அக்கா மாவைத் தட்டி எண்ணெயில் போடுவாள். ரயில் போய்க் கேட்டு ஏறுவதற்குள் வடை சிவந்துவிடும். காத்திருக்கும் கார்களின் கண்ணாடிகள் இறங்கும், கைகள் நீளும். ஊரில் அதற்குப் பெயரே கேட்டு வடை.

பிறகு இரட்டைத் தண்டவாளம் வந்தது. கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டினார்கள். நான் நாளிதழ் ஒன்றில் நிருபர். பயண நேரம் மிச்சமாகும், வட்டாரம் வளரும் என்று செய்தி எழுதினேன். இரண்டும் நடந்தன. சிடாம் கிரி பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே மோட்டார் சைக்கிளில் ஃபேக்டரி வேலைக்குப் போய்வந்தார்கள். பாலத்துக்கு அப்பால் டயர் கடை, கைப்பேசிக் கடை என்று புதுக் கடைவீடுகள் எழும்பின. அக்காவின் மேசை மட்டும் பாலத்தின் அடியில், ஆள் வராத பழைய சாலையில் நின்றது.

"நேரம் மிச்சம்னு எழுதுனியே தம்பி, அந்த நேரத்துலதானடா நான் வடை வித்தேன்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் ஃபேக்டரி கேண்டீனில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டாள். இன்னொருவர் சமையலுக்குப் பாத்திரம் கழுவ அவளுக்குத் துளியும் மனமில்லை.

கடையைக் காலி செய்ய நான் காரோடு போன மாலையில் மழை பிடித்துக்கொண்டது. வேலை விட்டு வந்தவர்கள் பாலத்திலிருந்து இறங்கி, சுற்றி வந்து, மோட்டார்களை அடியில் ஒதுக்கினார்கள். தலைக்கவசத்தைக் கழற்றிய ஒருவன் குடையைப் பார்த்தான்.

"அக்கா, சூடா ஏதாச்சும் இருக்கா லா? பசி உயிர் போவுது."

"மாவு இருக்கு. நிக்க நேரம் இருக்கா?"

"மழ விடாம எங்கக்கா போறது?"

அடுப்பு அதற்குள் என் காரில் ஏறியிருந்தது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"எறக்குடா அத."

கேண்டீனுக்கு அவள் போகவே இல்லை. இப்போதெல்லாம் இடிச் சத்தம் கேட்டதும் மாவைத் தட்டுகிறாள். வெயில் நாளில் வியாபாரம் சுமார்தான். போன வாரம் நான் போனபோது வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"பேப்பர்ல மழைன்னு போடேன்டா. நீ எழுதுனா நடக்குதுல்ல?" என்றாள்.