வாசலில் எங்கள் கோல்கீப்பர்

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் ஒரு வருஷம் முழுக்க எங்கள் ரப்பர் தோட்டத்துப் பந்து அணி தோற்கவே இல்லை. கெர்லிங்கில் ஜெயித்தோம். ராசாவில் நடந்த கடைசி ஆட்டத்திலும் ஜெயித்தோம். ஊரே என் கோலைப் பற்றிப் பேசியது. ஆனால் எங்களைக் காப்பாற்றியவன் கோல்கீப்பர்தான். பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரன், தோட்டத்துக் கம்பிவேலி வாசலில் காவல் போலீஸ்.

அன்று ராசாவில் கடைக்கார பாய் ஆளுக்கொரு ஜாங்கிரி கொடுத்தார். "அம்மாவுக்குக் கொடு மச்சான்" என்று கோல்கீப்பர் தன்னுடையதை என்னிடம் தந்துவிட்டான். அம்மா பாதியைத் தின்றுவிட்டு, மீதியைக் காகிதத்தில் சுற்றி, "வெட்டு முடிஞ்சதும் தின்னுடா" என்றாள்.

மறுநாள் காலை அதைப் பையில் வைத்துக்கொண்டே ரப்பர் மரத்தில் பால்வெட்டக் கிளம்பினேன். ஜெயித்த மிதப்பில் சட்டம் மறந்துவிட்டது. வேலிக்கு வெளியே ஒரு வாய்ச் சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் ஒருநாளும் வெறும் வயிற்றோடு பால்மரம் வெட்டியிருக்க மாட்டான்.

வாசலில் எங்கள் கோல்கீப்பர் நின்றான். பக்கத்தில் வெள்ளைக்கார அதிகாரி.

"கையைத் தூக்கு."

மச்சான் என்று சொல்லவில்லை. தூக்கினேன். என் பையில் கைவிட்டுக் காகிதத்தை எடுத்தான், பிரித்தான். தான் கொடுத்த ஜாங்கிரியைப் பார்த்தான். பக்கத்திலிருந்த தகர டின்னில் போட்டான்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வரிசையில் எங்கள் அணி மொத்தமும், அவன் சொல்வதற்கு முன்பே, கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.