தலையாட்டிய இளநீர்

போன சனிக்கிழமை பகலில் நான் இளநீராக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் வெயில் விழிப்புணர்வுக்கு ஆள் கேட்டார்கள். இளநீர் வேஷம் கட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெரு முனையில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கியது யார்? நான்தான். பேப்பரில் நான் எழுதும் பத்திக்கு மேட்டர் கிடைக்குமே என்ற நப்பாசை!

முழங்கால் வரை பச்சை ஸ்பாஞ்ச். முகத்தை மூடும் பெரிய மண்டை, அதன் மேலே தொப்பி, ராட்சதக் கூலிங் கிளாஸ். கைக்குத் தலையணை சைஸில் உறை. ஜிப் முதுகில். சங்கத்துச் செக்ரட்டரி மலையாளம் கலந்த தமிழில் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"ஸாரே, மிண்டருது கேட்டோ. இளநீர் பேசினா குழந்தைங்க பேடிச்சிடும். தலையை ஆட்டினா மதி, அது போதும்."

பேசாமல் இருப்பதா... நானா? இருந்தேன். குழந்தைகள் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்தார்கள். 'பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை திறந்த வெயிலில் வேலை வேண்டாம்' என்ற நோட்டீஸை வருவோர் போவோர் கையில் எல்லாம் திணித்தேன். வியர்வையில் ஊறினாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. சேவை செய்கிறேனாம்!

அரிசிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தார். சேலையெல்லாம் தவிடு. நோட்டீஸை நின்று படித்துவிட்டு இன்னொன்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்க முடியாதே! அவரே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு கரமனையில ஒரு வீட்டு மொட்டை மாடியில வெள்ளை டைல்ஸ் ஒட்டுதாரு. வீடு குளுமையா இருக்கணுமாம். நேத்தே தலை சுத்தி வாந்தி எடுத்துட்டாரு. இன்னைக்கு முடிச்சே ஆகணும்னு அந்த ஸாரு சொல்லிட்டாரு. நாளைக்கு சம்பந்தி வாராங்களாம்."

நாளைக்கு வரப்போவது என் சம்பந்தி.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"அந்த ஸாரு மோசமில்ல. பேப்பர்ல எல்லாம் எழுதுவாராம். அவருக்கு இது தெரிஞ்சிருக்காது. இதைக் காட்டினா கேப்பாருல்லா?"

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? அத்தனை பெரிய மண்டை ஆமாம், ஆமாம் என்று ஆடியது. உள்ளே நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். தெரியாதா எனக்கு? அந்த நோட்டீஸைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே நான்தானே! அவர் கணவர் செல்வம் முந்தின நாள் வாந்தி எடுத்ததும் தெரியும். மோர் கொடுத்தேன். கொடுத்த கையோடு, "நாளைக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்றும் கேட்டேன். சே!

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. செல்வம் இப்போதும் அந்த மாடியில்தான் இருப்பார். என் போன் பேண்ட் பாக்கெட்டில்... பேண்ட் இளநீருக்குள். செக்ரட்டரி டீ குடிக்கப் போயிருந்தார்.

"அம்மா, பின்னாடி ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்க."

இளநீர் பேசியதில் பாவம், அரண்டு போனார். ஆனாலும் இறக்கினார். தலையையும் கை உறையையும் கழற்றி வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே போன் போட்டேன்.

"செல்வம், கீழ இறங்குங்க. இப்பவே."

"ரெண்டு வரிசைதான் பாக்கி ஸாரே. இன்னைக்கே முடிக்கணும்னு நீங்கதானே..."

"நான் சொன்னது தப்பு. அப்படியே போட்டுட்டு இறங்குங்க. நிழல்ல உட்காருங்க."

இறங்கிவிட்டேன் என்று அவர் சொல்லும்வரை போனை வைக்கவில்லை. பிறகுதான் திரும்பினேன்.

முந்தின வாரம் கணவருக்குச் சோறு கொண்டுவந்து எங்கள் வீட்டு கேட்டில் நின்றவர். அவருக்கு என் முகம் நினைவிருந்தது. எனக்குத்தான் அதுவரை அவர் முகம் நினைவுக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். புருஷனுக்கு இந்த வேலை போய்விடுமோ என்கிற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது.

"ஐயோ ஸாரே... நான் சொன்னது வேற வீடு."