படத்தில் விழுந்த ஊக்கு

ஒத்தக்கடையில ஒரு பள்ளிக்கூடத்துல நான் அறிவியல் வாத்தியார். வகுப்புல எவனாவது தாயத்தோட வந்துட்டாப் போதும், பாடத்தை மூடி வச்சுட்டுப் பிரசங்கத்தை ஆரம்பிச்சிருவேன். பசங்க எனக்கு வச்ச பட்டப்பேரை இங்க எழுத முடியாது.

அப்பேர்ப்பட்ட ஆளோட மக கழுத்துல, மதுரை ஆஸ்பத்திரியில வச்சு, என் வீட்டுக்காரி ஒரு தாயத்தைக் கட்டியிருந்தா. மகளுக்கு அஞ்சு வயசு, ரத்தத்துல நோய். குடுக்கப்போற மருந்தைச் சின்ன நரம்பு தாங்காதுன்னு, கை வழியா மெல்லிசா ஒரு குழாயை நெஞ்சுக்குள்ள இருக்குற பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் விட்டிருந்தாங்க. முனை சரியான எடத்துல நிக்குதான்னு எக்ஸ்ரேயில பார்த்தாத்தான் மருந்து ஏத்துவாங்க. அதுக்குத்தான் காத்திருந்தோம். "படிச்சவ பண்ற வேலையா இது?"ன்னு அவளை ஒரு பிடி பிடிச்சு, தாயத்தைக் கழட்டி என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அவ காப்பி வாங்கப் போயிட்டா.

மக என் விரலைப் பிடிச்சா. "அப்பா, மருந்து ஏத்துனா நல்லாயிருவேனா?"

அக்கம்பக்கம் பார்த்துட்டு, தாயத்தை எடுத்து அவ கவுனுக்கு உள்பக்கமா ஊக்கு வச்சுக் குத்திவிட்டேன்.

எக்ஸ்ரே எடுத்த அண்ணன், காப்பியோட திரும்பி வந்த வீட்டுக்காரியையும் என்னையும் உள்ள கூப்பிட்டாரு. திரையில மகளோட விலா எலும்பு. அதுக்கு நடுவுல பளிச்சுன்னு ஒரு தாயத்து, ஒரு ஊக்கு.

"குழாய் முனையைப் பார்க்கணும் சார். அதுக்கு மேலயே அம்புட்டுக் கச்சிதமாக் குத்தியிருக்கீகளே! யாரு பார்த்த வேலை?"

தேள் கொட்டின திருடன் கணக்கா நின்னேன். வீட்டுக்காரி திரையைப் பார்த்தா, என் சட்டைப் பையைப் பார்த்தா. "படிச்சவுக வேலைதான்ணே"ன்னா.

ஊக்கைக் கழட்டிட்டு மறுபடி எடுத்தாங்க. குழாய் கூடுதலா உள்ள போயி, முனை இதயத்துக்குள்ளயே எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. டாக்டரம்மா வந்து பிளாஸ்திரியைப் பிரிச்சு, குழாயைக் கொஞ்சம் வெளிய இழுத்து ஒட்டுனாங்க. மக கத்துன கத்துல, பேரு தெரிஞ்ச சாமியை எல்லாம் வாய்விட்டே கூப்பிட்டேன். வெக்கமாவது மண்ணாவது.

மூணாவது படம் வந்துச்சு. "இந்தா பாருங்க சார், இதயத்துக்கு வெளிய, வாசல்ல நிக்குது. இனி மருந்து ஏத்தலாம்." அண்ணன் திரையில விரல் வச்சுக் காட்டுனாரு. "தெரியுதா?"

"தெரியுது, தெரியுது"ன்னேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு. ஒண்ணுமே தெரியல.