பேருந்துக்குப் பின்னால் ஒரு நீலக் கோடு

அந்தப் பெண் கையை நீட்டியதை நான் பார்த்தேனா, இல்லையா? என் ஒரு கண் கேமராவில் இருந்தது, இன்னொன்றை மூடியிருந்தேன். கேமராவுக்குள் தெரிந்த சாலையில் அவரும் நின்றார். இவ்வளவு மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

என் கணவர் மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரிக்கு ஓடும் தனியார் பேருந்தின் ஓட்டுநர். சென்ற ஆண்டு ஓனர் புதுப் பேருந்து ஒன்று வாங்கினார். இவரும் இன்னொரு ஓட்டுநரும் அதை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். யாரிடம் நிரந்தரமாகத் தருவது என்று ஓனர் முடிவு செய்யவில்லை. பழைய வண்டியின் கிளட்ச்சை மிதித்து மிதித்து இவருடைய இடது முழங்கால் வீங்கியிருந்தது. புது வண்டி கிடைக்காவிட்டால் வேலையையே விட வேண்டியிருக்கும். அந்த நேரத்தில், வண்டி பறக்கிற மாதிரி ஒரு படம் அலுவலகச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஓனர் சொல்ல, இவர் முந்திக்கொண்டு, "எங்க வூட்லயே கேமரா இருக்குதுங்க, அவ எடுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய கேமரா அது. பிரசவத்துக்குப் பிறகு நான் தொடவே இல்லை. யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வண்டி தெளிவாக இருக்க வேண்டும், பின்னால் உள்ள மரம், வயல், ஆட்கள் எல்லாம் கோடுகளாக இழுபட வேண்டும். அதற்கு ஷட்டரின் வேகத்தைக் குறைத்து, வண்டி தூரத்தில் வரும்போதே கேமராவால் பிடித்து, இடுப்பைத் திருப்பியபடி அதனுடன் போக வேண்டும். பேனிங் என்கிறார்கள். வண்டியில் ஏதாவது ஒரு புள்ளியை வைத்துக்கொண்டால் அதைவிட்டுக் கண் நகரக் கூடாது. பட்டனை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது.

வீட்டு வாசலில் நின்று தக்காளி ஏற்றிப் போகும் வேன்களை எடுத்துப் பழகினேன். நூற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. இவர் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார். "இது என்ன, வேனா? துவைச்சுப் பிழிஞ்சு போட்ட துணியாட்டம் இருக்குது." இன்னொரு நாள், "படிச்ச பொண்ணுன்னு கட்டிட்டு வந்தேன், வண்டியைத் தேய்ச்சுத் தேய்ச்சு அழிக்கறா" என்றார். நானும் சிரித்தேன். அன்று மாலையே இன்னும் இருநூறு படம் எடுத்தேன்.

வேன்களில் கை பழகிய பிறகு பேருந்துக்குப் போனேன். ஊரைத் தாண்டி ஒரு வேப்பமரம் இருக்கிறது. அது நிறுத்தம் இல்லை. ஆனாலும் கை காட்டினால் எல்லாப் பேருந்தும் நிற்கும். அதற்கு எதிர்ப்பக்கம் நின்று இரண்டு முறை எடுத்தேன், இரண்டும் வீணாகின. குழந்தையும் நானும் நிற்பதைப் பார்த்ததும் இவர் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும். வேகம் மாறினால் என் கணக்கு தப்பிவிடும். மூன்றாவது முறை, வண்டி கிளம்பும் முன் போன் செய்தேன். "இன்னைக்கு எதுக்கும் நிறுத்தாதீங்க. ஒரே வேகத்துல வாங்க." சொன்னது நான்தான்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும், நீலச் சேலை, தோளில் சாப்பாட்டுப் பை. என் மகளுக்கு இரண்டரை வயது. சாலைக்கு ஓடிவிடுவாள் என்ற பயத்தில், என் துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றி, என் பக்கம் இருந்த கல்தூணில் கட்டி, கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்திருந்தேன். அவர் சாலையைக் கடந்து என்னிடம் வந்தார்.

"கன்னுக்குட்டியாட்டம் கட்டிப் போட்டிருக்கறயே பாப்பா. நான் வேணா புடிச்சுக்கட்டா?"

"வேண்டாங்க்கா, இதோ முடிஞ்சிரும்."

"பஸ்ஸு போயிருச்சா?"

"இல்லைங்க்கா, இப்ப வந்துரும். எங்க வூட்டுக்காரருதான் ஓட்டறாரு."

"அப்பாடி. தையல் கம்பெனிக்குப் போறேன். இந்த மாசம் ரெண்டு வாட்டி லேட்டு. இன்னொரு வாட்டின்னா கேட்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

என் மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, திரும்பிப் போய் வேப்பமரத்தடியில் நின்றார். நான் இவருக்கு மறுபடி போன் செய்திருக்கலாம். போன் குழந்தையிடம் இருந்தது. பிடுங்கினால் அழுவாள், என் கை நடுங்கும். கை காட்டினால் இவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேனா, நிறுத்திவிடுவாரே என்று நினைத்தேனா, அதுவும் நினைவில் தெளிவாக இல்லை.

பேருந்து வந்தது. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரில் கண்ணை வைத்தேன். பட்டனை அழுத்திப் பிடித்தேன், திரும்பினேன், விட்ட பிறகும் திரும்பினேன். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி கடந்து போனார். கேமராவை இறக்கியபோது அந்தப் பெண் சாலை நடுவில், பாதி ஓடி நின்றுபோனவராக, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அடுத்த பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம். அவர் என்னைத் திட்டவில்லை. நான் குனிந்து துப்பட்டாவின் முடிச்சை அவிழ்த்தேன். அது சீக்கிரம் அவிழவில்லை.

படம் அருமையாக வந்திருந்தது. ஓனர் பெரிதாகப் பிரேம் போட்டார். புது வண்டி இவருக்குக் கிடைத்தது. என்னையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஓனர் ஜூஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் உள்ளே வந்தார். மூன்றாவது முறை தாமதம் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பஸ் நிற்கவில்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், கம்பெனியில் காட்டி மன்றாடிப் பார்ப்பேன் என்றார்.

ஓனர் என் கணவரைப் பார்த்தார். "மரத்துக்கிட்ட யாரும் நிக்கலைங்க" என்றார் இவர்.

"இந்தப் பாப்பாவைக் கேளுங்க சார். அங்கதான் நின்னுது. நான் பேசினேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் படம் எடுத்துட்டிருந்தேன்ங்க. கவனிக்கலை" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார். மெதுவாகப் போய், பேருந்தின் பின்சக்கரத்தை ஒட்டி இழுபட்டிருந்த நீலக் கோட்டின் மீது விரலை வைத்தார். "இது என் சேலைங்க."

ஓனர் சிரித்துவிட்டார். "கோட்டுக்கெல்லாம் சேலை கட்டி விடறயேம்மா. கண்ணாடியில கைரேகை படுது பாரு." இவரும் சிரித்தார். நான் ஜூஸைக் குடித்து முடித்தேன்.

அன்று எடுத்தவை மொத்தம் ஒன்பது படங்கள். முதல் படத்தில் பேருந்து இன்னும் தொலைவில் இருக்கிறது, நான் திரும்பத் தொடங்கவே இல்லை. அதனால் எதுவும் கோடாகவில்லை. அந்தப் பெண்ணின் முகம், நீட்டிய கை, பை, எல்லாம் தெளிவாக இருக்கின்றன. வீட்டில் இவரிடம் காட்டினேன்.

"நிறுத்தாம வாங்கன்னு சொன்னது நீதானே? இப்ப என்னை மாட்டி விடறயா? அழிச்சுடு."

அழிக்கவில்லை. அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

அந்தப் பெண் இப்போது தக்காளி பறிக்கும் வேலைக்கு எங்கள் வீட்டு வழியாகத்தான் நடந்து போகிறார். என் மகள் அவரை அடையாளம் கண்டு கை நீட்டுகிறாள். அவரும் கையை ஆட்டிவிட்டுப் போகிறார். நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.

அந்த ஒரு படத்தை அவர் கையில் கொடுத்தால், அவருடைய வேலை திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஓனரிடம் பொய் சொன்னதற்காக என் கணவரின் வேலை போவது மட்டும் நிச்சயம். அந்த முழங்காலோடு அவரை இனி யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை. கொடுக்காமல் இருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. கொடுப்பதா, வேண்டாமா? இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தெளிவாகத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள். என் மனம் நோகுமே என்று பார்க்க வேண்டாம்.