1916 எந்த வருஷமும் இல்லை

நீங்கள் பொய் சொன்னீர்கள், சார். என் கை நடுங்கவில்லை.

எண்பதுகளில் பென்னாகரம் பக்கத்துப் பாதிரியார் பள்ளியில் நான் இயற்பியல் ஆய்வக உதவியாளர். நீங்கள் விளையாட்டு ஆசிரியர். வெளிநாட்டு நன்கொடைப் பெட்டியில் காம்பவுண்ட் வில் ஒன்று வந்தது. இரு முனையிலும் சக்கரம். நாணை முழுக்க இழுத்ததும் பாரம் சட்டென்று பாதியாகும். முதல்முறை அதை உணர்ந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தருமபுரியில் பள்ளி ஊழியர்களுக்கு வில் போட்டி வைத்தார்கள். பள்ளிக்கு ஒரு ஆள். அது நானாக இருக்க வேண்டும் என்று தினமும் சாயங்காலம் பழகினேன்.

பெட்டியில் இரண்டு கட்டு அலுமினிய அம்புகள் இருந்தன. எண் எதுவும் இல்லாத பளபளப்பான கட்டைத்தான் நீங்கள் கொடுத்தீர்கள். இன்னொன்றைத் தொடவிடவில்லை.

"1916னு போட்டிருக்கு பாரும்மா. வெள்ளக்காரன் காலத்துச் சரக்கு. துருப்புடிச்சி கெடக்கும்."

"அலுமினியம் துருப்புடிக்குங்களா சார்?"

அந்தக் கட்டைப் பெட்டிக்குள் தள்ளி மூடினீர்கள்.

பளபளப்பு அம்பு மீன் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு வலப்பக்கம் ஓடியது. எத்தனை எய்தாலும் அப்படியே. காலைப் பிரார்த்தனையில் மைக்கைப் பிடித்து, மொத்தப் பள்ளிக்கும் முன்னால் என்னைக் காட்டிச் சொன்னீர்கள்: "கரண்டி புடிக்கற கையிங்க அது. வில்லத் தொட்டா நடுங்குது." பிள்ளைகள் சிரித்தார்கள். போட்டிப் பட்டியலில் என் பேரை அடித்துவிட்டு உங்கள் பேரை எழுதினீர்கள்.

கோபத்தோடு ஆய்வகத்துக்குப் போனேன். இரண்டு தாங்கிகளை நிறுத்தி, பளபளப்பு அம்பைக் குறுக்கே வைத்து, நடுவில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டேன். நான்கு சென்டிமீட்டர் தொய்ந்தது. நீங்கள் தொடவிடாத 1916 அம்பையும் பெட்டியிலிருந்து எடுத்துவந்து வைத்தேன். இரண்டைக்கூடத் தொடவில்லை. சக்கர வில் அம்பைப் பின்னாலிருந்து ஓங்கி உதைக்கும். தொளதொளத்த அம்பு அந்த உதையில் வளைந்து நெளிந்துதான் போகும். இந்த வில்லுக்கு வேண்டியது விறைப்பான அம்பு. வெர்னியர் அளவுகோலை எடுத்து 1916 அம்பின் குறுக்களவைப் பார்த்தேன். ஏழரை மில்லிமீட்டர். அங்குலத்தில் போட்டுப் பார்த்தேன்: அறுபத்து நான்கில் பத்தொன்பது பங்கு. பத்தொன்பது! அது ஆண்டே இல்லை, அளவு. பின்னால் வரும் பதினாறு, குழாய்த் தகட்டின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் பதினாறு பங்கு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே உங்களை மைதானத்துக்குக் கூப்பிட்டேன். 1916 அம்புகள் ஆறு. ஆறும் வால் ஆடாமல் போய் இலக்கின் நடு மஞ்சள் வட்டத்தில் குத்தின. ஆறாவது, ஐந்தாவதை உரசிக்கொண்டு நின்றது. நான் குதித்தே விட்டேன். நீங்கள் போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கினீர்கள். எண்ணைத் தடவிப் பார்த்தீர்கள்.

"செரிம்மா. அம்புதான் தப்பு. லிஸ்ட்டு போயிருச்சி, இனி என்னாத்த பண்றது?"

அதே ஆறு அம்புகளை எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் போனீர்கள். கோப்பையோடு வந்தீர்கள். மைக்கில் பயிற்சியைப் பற்றிப் பேசினீர்கள், மூச்சை அடக்குவது பற்றிப் பேசினீர்கள். அம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கை நடுங்கும் கையாகவே இருந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்றும் சந்தையில் பார்த்தால், "கை எப்படிங்க மேடம்?" என்கிறார்கள்.

வருகிற பழைய மாணவர் கூட்டத்தில் உங்களுக்குச் சால்வை போடப் போகிறார்களாம். நானும் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் உட்காருவதற்கு முன் மைக்கில், எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள் சார்: தப்பு என் கையிலா, நீங்கள் கொடுத்த அம்பிலா?