கட்டிலில் மூச்சு விட்டது யார்?

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கொழும்பு கொட்டாஞ்சேனை நடைபாதையில் பல்பு விற்றுத் தொடங்கி, அதே தெருவில் மின்சாமான் கடை போட்டவன். இன்றைக்கும் ஒரு ஃபேனின் சத்தத்தைக் கேட்டே அதில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மனைவிக்கு இதய வருத்தம் வந்தபோது, படுத்திருக்கும் நேரங்களில் மூச்சையும் நாடியையும் கவனிக்கச் சொன்னார் டொக்டர். விரலில் மாட்டும் கிளிப்பை அவள் கழற்றி எறிந்தாள். நெஞ்சில் ஒட்டும் பட்டை தோலைக் கடித்தது. கனடாவில் இருக்கும் மகன், “அப்பா, நீங்க நாள் முழுக்கக் கடையில. அம்மாவை நான் இங்க கூப்பிடுறன்” என்றான்.

“அந்தப் பனிக்குள்ள நான் வர மாட்டன்” என்றாள் அவள்.

அப்போதுதான் ரேடார் பெட்டி ஒன்றை வரவழைத்தேன். சுவரில் மாட்டினால் போதும். வயர் இல்லை, உடம்பில் எதுவும் தொடாது. பெட்டியிலிருந்து போகும் அலை நெஞ்சில் பட்டுத் திரும்பும். நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொண்டு மூச்சையும், அதைவிட நுணுக்கமான துடிப்பைக் கொண்டு நாடியையும் போனில் காட்டும். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் நானே மாட்டினேன்.

“ஒரு மாசம் பார்ப்பம். ஒழுங்கா வேலை செய்தா அம்மா அங்கேயே இருக்கட்டும்” என்றான் மகன்.

கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் போனைக் காட்டினேன். ஒரு மத்தியானம் பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம், “பாரும், என்ர மனுசி வெள்ளவத்தையில நித்திரை. மூச்சு இஞ்ச ஓடுது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலில் ஓட்டோ வந்து நின்றது. சாப்பாட்டுக் கரியருடன் மனைவி இறங்கினாள்.

“நண்டுக் குழம்பு. ஆற முந்திச் சாப்பிடுங்கோ.”

வாடிக்கையாளர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “முதலாளி, அப்ப உங்கட கட்டில்ல மூச்சு விடுறது ஆர்?”

மனைவி போனை எட்டிப் பார்த்தாள். “ஆரெண்டாலும் என்னை விட நல்லா விடுறாள்!”

கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டி பொய் சொல்கிறது என்றால் மகன் டிக்கெட் எடுத்துவிடுவான்.

அவளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கட்டிலைச் சுற்றி, நுளம்பு கடிக்காமல் இருக்கக் கட்டிய மெல்லிய வலை. மூலையில் ஸ்டாண்ட் ஃபேன் தலையைத் திருப்பித் திருப்பி ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் விற்கிறவன் வீட்டில் ஃபேனை நிறுத்தும் பழக்கம் கிடையாது. காற்றுப் பட்டால் வலை உப்பும், காற்று விலகினால் அமுங்கும். பெட்டி அதைத்தான் மூச்சென்று எடுத்திருக்கிறது. நாடி காட்டும் இடம் வெறுமையாகவே கிடந்திருக்கிறது. பேச்சு மும்முரத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

வலையைச் சுருட்டிக் கட்டினேன். ஃபேனின் தலை திரும்பாதபடி பூட்டி, பெட்டி பார்க்காத பக்கம் தள்ளினேன்.

மகனை வீடியோவில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னது மனைவிதான். “இப்ப நான் படுக்கிறன், பார்.” என் போனை அவனுக்குத் தெரியும்படி பிடித்தேன். மூச்சும் நாடியும் வந்தன. “இப்ப அடுப்பைப் பார்க்கக் குசினிக்குப் போறன்.” ஆள் இல்லை என்று திரை காட்டியது. மறுபடி படுத்தாள், மறுபடி எழும்பினாள்.

“போதும் அம்மா, மூச்சு இளைக்கப் போகுது. அங்கேயே இருங்கோ” என்றான் மகன்.

ஐந்தாம் வகுப்போடு ஒரு ரேடாரைத் திருத்தியவன் கொழும்பில் வேறு யார் இருக்கிறார்?

இப்போது மத்தியானத்தில் போன் “ஆள் இல்லை” என்று காட்டினால் நான் பதறுவதில்லை. கையைக் கழுவிவிட்டு, ஓட்டோ வருகிறதா என்று வாசலைப் பார்ப்பேன்.